வதந்தியை நாம் ஏன் நம்புகிறோம்?

முந்தானையில் முடிந்த அரிசி

மும்பை நகரில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் அதிகம். நான் அங்கேதான் பிறந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். இப்போது இரவு ஏழு மணிக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்துகிறேன். பதினான்கு பெண்கள் வருகிறார்கள். சிலர் இட்லி அவித்து விற்கிறார்கள். சிலர் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். சிலர் தோல் பை தைக்கிறார்கள்.

2024ஆம் ஆண்டு மழைக்காலம். ஒரு நாள் வகுப்புக்கு வந்த அக்கா ஒருவர் சிலேட்டை எடுக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு கைப்பிடி அரிசி.

"டீச்சர், இதைப் பாருங்க. ரேஷன் அரிசி. இதுல பிளாஸ்டிக் கலந்திருக்கு" என்றார்.

நான் அரிசியைத் தட்டில் பரப்பிப் பார்த்தேன். சில மணிகள் மட்டும் வேறு மாதிரி இருந்தன. நிறம் கொஞ்சம் மாறியிருந்தது. எல்லாம் ஒரே அளவாக இருந்தன.

"தண்ணியில போட்டா மிதக்குது டீச்சர். போன்ல வீடியோ வந்திருக்கு. எல்லாருக்கும் வந்திருக்கு. எங்க சால்ல ரெண்டு வீட்டுல அரிசியைக் குப்பையில கொட்டிட்டாங்க."

அந்த அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். கணவர் மூட்டை தூக்குகிறார். மாதத்தில் பாதி நாள் அந்த வீட்டில் உலை வைப்பது ரேஷன் அரிசியில்தான். அதைக் கொட்டினால் கடையில் விலை கொடுத்து வாங்க வேண்டும். கொட்டாமல் சமைத்தால் பிள்ளைகளுக்கு என்ன ஆகுமோ என்ற பயம். என்ன செய்வது என்று கேட்கத்தான் முடிந்து கொண்டு வந்திருந்தார்.

"கொட்டாதீங்க அக்கா. நாளைக்கு விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். எனக்கும் அப்போது பதில் தெரியாது.

அந்த அரிசி என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி. உண்மை தெரியாமல் வாய் மாறி வாய் பரவும் செய்தியை வதந்தி என்கிறோம். அந்த வதந்தியை நாம் ஏன் நம்புகிறோம்?

"படிக்காதவர்கள்தான் நம்புவார்கள்" என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. படித்தவர்களும் நம்புகிறார்கள். நானும் நம்பியிருக்கிறேன். அதையும் சொல்கிறேன்.

தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்

முதலில் பீகாருக்குப் போவோம்.

1934ஆம் ஆண்டு ஜனவரி 15. மதியம் இரண்டு மணி தாண்டிய நேரம். பூமி அதிர்ந்தது. மிகப் பெரிய நிலநடுக்கம். பீகாரிலும் நேபாளத்திலும் வீடுகள் இடிந்து விழுந்தன. முங்கேர், முசாபர்பூர், தர்பங்கா ஆகிய ஊர்கள் பெரும் சேதம் அடைந்தன. 10,000 பேருக்கு மேல் இறந்து போனார்கள்.

இடிந்த ஊர்களில் மட்டும் தரை ஆடவில்லை. வெகுதூரம் வரை ஆடியது. சுவர் கூட விழாத ஊர்களிலும் மக்கள் அந்த அதிர்ச்சியை உணர்ந்தார்கள். வெளியே ஓடி வந்து நின்றார்கள்.

பிறகு வதந்திகள் கிளம்பின.

"ஜனவரி 23 கெட்ட நாள். நினைத்துப் பார்க்க முடியாத கேடு வரும்" என்றார்கள்.

"நேபாள எல்லையிலிருந்து மதுபனியை நோக்கி வெள்ளம் பாய்ந்து வருகிறது" என்றார்கள்.

"கங்கையில் தண்ணீர் மறைந்து போனது. குளித்தவர்கள் மணலில் புதைந்தார்கள்" என்றார்கள்.

"சந்திர கிரகணத்தன்று இன்னும் பெரிய நிலநடுக்கம் வரும்" என்றார்கள்.

"பிப்ரவரி 26 பிரளயம். எல்லாம் அழிந்து போகும்" என்றார்கள்.

பிப்ரவரி 26 வந்தது. போனது. பிரளயம் வரவில்லை.

அப்போது ஜமுனா பிரசாத் என்ற இந்திய மனவியல் அறிஞர் ஒரு நல்ல வேலை செய்தார். மனவியல் என்றால் மனம் எப்படி வேலை செய்கிறது என்று ஆராயும் படிப்பு. மக்கள் பேசிக்கொண்ட வதந்திகளை அவர் சேகரித்தார். எழுதி வைத்தார். 1935இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். வதந்தியைப் பற்றி உலகில் நடந்த பழைய ஆராய்ச்சிகளில் அதுவும் ஒன்று.

பயம் முன்னே, காரணம் பின்னே

சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் இன்னொரு அறிஞர் அந்தக் கட்டுரையைப் படித்தார். அவர் பெயர் லியோன் ஃபெஸ்டிங்கர். அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

பயந்து போன மனிதன் ஆறுதலான செய்தியைத்தானே தேட வேண்டும்? "இனி ஒன்றும் இல்லை, போய்த் தூங்கு" என்ற செய்திதானே பரவ வேண்டும்? ஆனால் "இதைவிடப் பெரிய ஆபத்து வரப்போகிறது" என்ற செய்தி அல்லவா பரவியது? ஏன்?

1957இல் எழுதிய நூலில் அவர் ஒரு விளக்கம் சொன்னார். அது இதுதான்.

சேதம் இல்லாத ஊரில் இருப்பவரை நினைத்துப் பாருங்கள். தரை ஆடியது. அவர் பயந்துவிட்டார். நெஞ்சு படபடக்கிறது. ஆனால் சுற்றிலும் பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது. வீடு நிற்கிறது. மாடு அசை போடுகிறது. பயம் இருக்கிறது. பயப்படுவதற்குக் காரணம் கண்ணில் படவில்லை. "நான் ஏன் இப்படிப் பயப்படுகிறேன்?" என்று மனம் தவிக்கிறது.

அப்போது ஒருவர் வந்து, "26ஆம் தேதி பிரளயமாம்" என்கிறார். மனம் உடனே பற்றிக்கொள்கிறது. "ஓ, அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது" என்று நினைக்கிறது.

வதந்தி வந்ததால்தான் பயம் வந்தது என்று நாம் நினைக்கிறோம். அங்கே பயம் முதலில் வந்தது. வதந்தி பின்னால் வந்தது. இருக்கும் பயத்துக்கு அது ஒரு காரணம் கொடுத்தது.

இதற்கு எதிரான சாட்சியும் உண்டு. 1950இல் டார்ஜிலிங் மலையில் பெரிய நிலச்சரிவு ஏற்பட்டது. துர்கானந்த் சின்ஹா என்ற இந்திய அறிஞர் அங்கே பரவிய வதந்திகளை ஆராய்ந்தார். அங்கே மக்கள் அழிவைக் கண்ணால் பார்த்தார்கள். "இன்னும் பெரிய ஆபத்து வரும்" என்ற வதந்தி அவர்களிடம் இல்லை. பயத்துக்குக் காரணம் கண் முன்னாலேயே இருந்தது. புதிதாக ஒன்றைத் தேட வேண்டியிருக்கவில்லை.

நம் வீட்டிலும் இதைப் பார்க்கலாம். பள்ளிக்கூடம் போன பிள்ளை வர அரை மணி நேரம் ஆகிவிட்டது. நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. அப்போது ஒருவர், "மெயின் ரோட்டில் ஆட்டோ மோதிவிட்டதாம்" என்கிறார். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம். மற்ற நாளாக இருந்தால், "எங்கே? எப்போ? யாரு பார்த்தது?" என்று நாலு கேள்வி கேட்டிருப்போம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நம் பெரியவர்கள் இதைத் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்கள்.

பெரியவர்களும் காரணம் தேடினார்கள்

பெரிய துன்பம் வந்தால் "ஏன்?" என்று மனம் கேட்கும். சாதாரண மனிதர்களின் மனம் மட்டும் அல்ல. பெரியவர்களின் மனமும் கேட்கும்.

பீகார் நிலநடுக்கம் நடந்தபோது காந்தியடிகள் தென்னாட்டில் இருந்தார். தீண்டாமையை ஒழிக்க ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசினார். தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனைதான் இந்த நிலநடுக்கம் என்றார்.

கவிஞர் ரவீந்திரநாத் தாகூர் இதை ஏற்கவில்லை. அவரும் தீண்டாமைக்கு எதிரானவர். காந்தியடிகள் மீது மிகுந்த மரியாதை உள்ளவர். ஆனாலும் மறுத்து எழுதினார். இயற்கையில் நடக்கும் அழிவுக்கு இயற்கையில்தான் காரணம் இருக்கும் என்றார். காந்தியடிகள் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் தாகூரின் மறுப்பை மறைக்கவும் இல்லை. தன்னுடைய 'ஹரிஜன்' பத்திரிகையில் அதை அச்சிட்டார். தன் பதிலையும் அச்சிட்டார்.

நிலநடுக்கத்தின் காரணம் இன்று நன்றாகத் தெரியும். பூமியின் மேல் ஓடு பல பெரிய துண்டுகளாக இருக்கிறது. நம் நாடு இருக்கும் துண்டு மெதுவாக வடக்கே நகர்கிறது. இமயமலைப் பக்கம் போய் முட்டுகிறது. முட்டி முட்டி இறுக்கம் சேர்கிறது. ஒரு நாள் பாறை உடைந்து நழுவுகிறது. அப்போது தரை ஆடுகிறது.

தீண்டாமை பாவம்தான். ஆனால் பூமி ஆடியதற்கு அது காரணம் அல்ல.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. "நல்லவர் சொன்னார், பெரியவர் சொன்னார்" என்பதற்காகவே நாம் பல செய்திகளை நம்புகிறோம். அண்ணன் அனுப்பினார், மாமா சொன்னார், டீச்சர் சொன்னார் என்று நம்புகிறோம். அவர்கள் பொய் சொல்கிறவர்கள் அல்ல. ஆனால் நல்லவர்களுக்கும் தவறு நேரும். மரியாதையோடு மறுத்துக் கேட்பதில் தப்பில்லை.

உப்பு போன கதை

2016ஆம் ஆண்டு நவம்பர் 8 இரவு. 500 ரூபாய் நோட்டும் 1000 ரூபாய் நோட்டும் இனிச் செல்லாது என்று அரசு அறிவித்தது. மறுநாளிலிருந்து கையில் பணம் இருந்தும் செலவு செய்ய முடியவில்லை. வங்கி வாசலில் நீண்ட வரிசை. நாளைக்கு அடுப்பு எரியுமா என்று ஏழை எளியவர்கள் கலங்கினார்கள்.

மூன்று நாள் போயிற்று. நவம்பர் 11 அன்று உத்தரப் பிரதேசத்திலும் டெல்லியிலும் ஒரு செய்தி பரவியது. "நாட்டில் உப்பு தீர்ந்துவிட்டது. கிலோ 200 ரூபாய். இல்லை, 400 ரூபாய்" என்றார்கள்.

மக்கள் கடைக்கு ஓடினார்கள். இரவிலும் கூட்டம். ஒரு பாக்கெட் வேண்டியவர் பத்து பாக்கெட் வாங்கினார். உப்புக்குத் தட்டுப்பாடே இல்லை என்று அரசு அறிவித்தது.

இதை யோசித்துப் பாருங்கள். நம் நாட்டுக்கு நீண்ட கடற்கரை இருக்கிறது. நாட்டின் உப்பில் முக்கால் பங்குக்கு மேல் குஜராத்தில் விளைகிறது. ராஜஸ்தானிலும் தமிழ்நாட்டிலும் விளைகிறது. ஒரே நாளில் உப்பு எங்கே போகும்? எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அன்று யாரும் அப்படி யோசிக்கவில்லை. பயம் மூன்று நாளாகவே மனதில் இருந்தது. வதந்தி வந்து ஒட்டிக்கொண்டது.

இங்கே இன்னொரு காரணமும் சேர்ந்தது. நான்கு பேர் ஓடினால் ஐந்தாவது ஆளும் ஓடுவார். "ஒன்றும் இல்லாமலா இத்தனை பேர் ஓடுகிறார்கள்?" என்று நினைப்பார். எல்லாரும் வாங்கியதால் சில கடைகளில் உப்பு உண்மையாகவே தீர்ந்தது. பிறகு வந்தவர் காலி இடத்தைப் பார்த்தார். "பார், சொன்னது நிஜம்தான்" என்றார்.

பொய்யான செய்தி. அதை நம்பியவர்களே அதற்குச் சாட்சியையும் உண்டாக்கிவிட்டார்கள்.

திரும்பத் திரும்பக் கேட்டால்

1977இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. கல்லூரி மாணவர்களிடம் பல வாக்கியங்களைச் சொன்னார்கள். சில உண்மை. சில பொய். ஒவ்வொரு வாக்கியமும் எந்த அளவுக்கு உண்மையாக இருக்கும் என்று கேட்டார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டார்கள். இன்னும் இரண்டு வாரம் கழித்து மூன்றாம் முறை கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் புதிய வாக்கியங்கள் வந்தன. சில பழைய வாக்கியங்களும் நடுவில் வந்தன.

முடிவு என்ன தெரியுமா? திரும்பத் திரும்ப வந்த வாக்கியத்தை மாணவர்கள் கூடுதலாக நம்பினார்கள். உண்மையான வாக்கியத்தையும் அப்படி நம்பினார்கள். பொய்யான வாக்கியத்தையும் அப்படி நம்பினார்கள். புதிதாக எந்த ஆதாரமும் யாரும் தரவில்லை. முன்பே கேட்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

பழகிய முகத்தைக் கண்டால் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. பழகிய செய்தியும் அப்படித்தான்.

செல்போன் வந்த பிறகு இது பெருகிவிட்டது. காலையில் அண்ணி அனுப்புகிறார். மதியம் வேலை இடத்தில் ஒருவர் காட்டுகிறார். இரவு ஊரிலிருந்து தங்கை அனுப்புகிறாள். "மூணு பேர் சொல்லிட்டாங்க" என்று நினைக்கிறோம். மூன்று பேருக்கும் அது ஒரே இடத்திலிருந்து வந்திருக்கும். மூன்று பேரில் யாரும் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் அனுப்பிய வீடியோ

இப்போது என் கதையைச் சொல்கிறேன்.

2018ஆம் ஆண்டு. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்தேன். அப்பாவின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. தெருவில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். "பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள், உஷார்" என்று கூடவே எழுதியிருந்தது.

எனக்கு ஒரு தம்பி. அப்போது அவனுக்கு ஐந்து வயது. வீடியோவைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. மூன்று குரூப்புக்கு அனுப்பினேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

அந்த வீடியோ நம் நாட்டில் எடுத்ததே அல்ல. பாகிஸ்தானில் கராச்சி நகரில் எடுத்தது. குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக நடித்து எடுத்த விளம்பரப் படம். படத்தின் கடைசியில் அந்த மோட்டார் சைக்கிள் திரும்பி வரும். குழந்தையைப் பத்திரமாக இறக்கி விடுவார்கள். எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். வெட்டியதுதான் ஊர் ஊராகப் பரவியது.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பழமொழி இருக்கிறது. அதன் பொருள் எனக்கு அப்போது தெரியவில்லை.

2018 மே மாதம் தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டி உறவினர்களோடு குலதெய்வக் கோயிலுக்குப் போனார். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள்.

ஜூலை 1 அன்று எங்கள் மகாராஷ்டிரத்தில் நடந்தது. துலே மாவட்டத்தில் ரைன்பாடா என்று ஒரு கிராமம். அன்று ஞாயிற்றுக்கிழமை. வாரச்சந்தை கூடும் நாள். ஐந்து பேர் அங்கே வந்தார்கள். ஊர் ஊராகப் போய் யாசித்துப் பிழைக்கும் நாடோடி வகுப்பைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவர் ஒரு சிறுமியிடம் பேசினார். "பிள்ளை பிடிக்கிறவன்" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் சேர்ந்தது. ஐந்து பேரையும் கிராமப் பஞ்சாயத்து அலுவலக அறைக்குள் வைத்து அடித்துக் கொன்றார்கள்.

ஐந்து குடும்பங்கள் ஆதரவு இழந்தன.

அடித்தவர்கள் எல்லாம் பிறவியிலேயே கொலைகாரர்களா? இல்லை. பிள்ளை குட்டிக்காரர்கள். பிள்ளைகள் மேல் உள்ள பாசத்தால் பயந்தவர்கள். பயம் முன்பே இருந்தது. வீடியோ பல முறை வந்து பழகியிருந்தது. தெரிந்தவர்கள் அனுப்பியிருந்தார்கள். பிறகு முன்பின் தெரியாத ஆட்கள் கண்ணில் பட்டார்கள். அழுக்கு வேட்டி, வேறு ஊர், வேறு சாதி. இப்படிப்பட்டவர்களைக் கண்டால் ஊருக்குள் முன்பிருந்தே ஒரு சந்தேகம் உண்டு. அந்தச் சந்தேகத்தின் மேல் வதந்தி சுலபமாக ஏறி உட்கார்ந்தது.

அந்த மாதமே வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாது என்று வைத்தது. அது நல்லதுதான். ஆனால் நான் அனுப்பியது மூன்று குரூப்புக்குத்தான்.

நான் அனுப்பிய வீடியோ எங்கே போனது? யார் பார்த்தார்கள்? எனக்குத் தெரியாது. அந்த ஐந்து பேரின் செய்தியைப் படித்த நாளிலிருந்து அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது.

அரிசி என்ன ஆனது?

மறுநாள் அந்த அக்காவும் நானும் ரேஷன் கடைக்குப் போனோம். மூட்டைகள் அடுக்கியிருந்தன. அக்கா ஒரு மூட்டையைக் காட்டினார். "இது என்ன குறி டீச்சர்?" என்றார்.

ஒரு கூட்டல் குறி. அதன் பக்கத்தில் 'எஃப்' என்ற ஆங்கில எழுத்து. சத்துச் சேர்த்த உணவு என்பதைக் காட்டும் அரசு முத்திரை அது.

நம் நாட்டில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ரத்தசோகை அதிகம். அதைக் குறைப்பதற்காக ரேஷன் அரிசியில் சத்து மணிகளைக் கலக்கும் திட்டம் வந்தது. 2024 மார்ச் மாதத்துக்குள் நாடு முழுவதும் அந்த அரிசி ரேஷனுக்கு வந்துவிட்டது. சத்து மணியை இப்படிச் செய்கிறார்கள். அரிசியை மாவாக அரைக்கிறார்கள். அதில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்க்கிறார்கள். இயந்திரத்தில் அழுத்தி மறுபடி அரிசி வடிவில் எடுக்கிறார்கள். 100 கிலோ சாதாரண அரிசிக்கு ஒரு கிலோ சத்து மணி கலந்தார்கள். அதனால்தான் சில மணிகள் மட்டும் வேறு மாதிரி தெரிந்தன. சில மிதக்கவும் செய்தன.

அக்காவுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. வீட்டில் அந்த மணிகளை மட்டும் தனியாகப் பொறுக்கினார். சின்னக் கிண்ணத்தில் வேக வைத்தார். வெந்ததும் விரலால் நசுக்கினார். குழைந்தது.

"பிளாஸ்டிக்கா இருந்தா குழையாதே" என்றார்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அரிசி வேற மாதிரி இருந்தது நிஜம்தானே டீச்சர்?"

"நிஜம்தான் அக்கா" என்றேன்.

அவர் கண் பொய் சொல்லவில்லை. அரிசி மாறியிருந்தது உண்மை. பிளாஸ்டிக் என்பதுதான் பொய். வதந்திக்குள் பல நேரம் ஒரு பிடி உண்மை இருக்கும். அந்த ஒரு பிடிதான் மீதிப் பொய்யையும் நம்ப வைக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "அரிசி இனி இப்படி இருக்கும், காரணம் இதுதான்" என்று எங்கள் தெருவில் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கேள்வி இருந்தது. பதில் வரவில்லை. பதில் இல்லாத இடத்தில் வதந்தி வந்து குடியேறும். சொல்ல வேண்டியவர்கள் நேரத்தில் சொல்லியிருந்தால் அந்த இரண்டு வீட்டு அரிசியும் குப்பைக்குப் போயிருக்காது.

நாம் என்ன செய்யலாம்?

பயமோ கோபமோ வரவே கூடாது என்று சொல்ல முடியாது. வரும். வரும்போது இவற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் நம் மனதைப் பார்க்க வேண்டும். "எனக்கு இப்போது பயமா? கோபமா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பயமோ கோபமோ இருந்தால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஒரு இரவு கழித்து அனுப்பினால் ஒன்றும் குறைந்துவிடாது.

2. நேரில் பார்த்தது யார் என்று கேட்க வேண்டும். "எல்லாரும் சொல்றாங்க" என்பது பதில் அல்ல.

3. எந்த ஊர், எந்த நாள் என்று கேட்க வேண்டும். ஊரும் நாளும் இல்லாத செய்தியை நம்பக் கூடாது. வீடியோவுக்கும் இது பொருந்தும்.

4. தெரிந்தவரிடம் விசாரிக்க வேண்டும். அரிசி பற்றி ரேஷன் கடையில் கேட்கலாம். மருந்து பற்றி நர்சிடம் கேட்கலாம். யார் மேலாவது சந்தேகம் வந்தால் 112க்குப் போன் செய்து போலீசுக்குச் சொல்ல வேண்டும். நாம் கை வைக்கக் கூடாது.

5. தப்பான செய்தியை அனுப்பிவிட்டால், "நான் அனுப்பியது தப்பு" என்று அதே இடத்தில் சொல்ல வேண்டும். இதில் வெட்கம் இல்லை. நான் அன்று அதைச் செய்யவில்லை. செய்திருக்க வேண்டும்.

வதந்தியை நம்பியவரைப் பார்த்துச் சிரிக்கவும் கூடாது. சிரித்தால் அவருக்கு ரோஷம் வரும். சொன்னதையே பிடித்துக்கொள்வார். முதலில் அவர் பயம் என்ன என்று கேட்க வேண்டும். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த அக்கா அரிசியை அவிழ்த்துக் காட்டியபோது நான் சிரித்திருந்தால் மூன்றாவது வீட்டு அரிசியும் குப்பைக்குப் போயிருக்கும்.

அந்த அக்கா இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். போனில் தமிழில் செய்தி வந்தால் வகுப்பில் எங்கள் முன்னால் உரக்கப் படிக்கிறார். படித்து முடித்ததும், "ஊர் பேரு போடலையே?" என்று கேட்கிறார்.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் ஊரில் பரவிய ஒரு வதந்தியைச் சொல்லுங்கள். அது பரவியபோது மக்கள் மனதில் ஏற்கெனவே என்ன பயம் இருந்தது?

2. பீகாரில் சேதம் இல்லாத ஊரிலும் வதந்தி ஏன் பரவியது?

3. உப்பு தீர்ந்துவிட்டது என்ற பொய்க்குச் சாட்சி எப்படி உண்டானது?

4. முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் தெருவுக்கு வருகிறார். கூட்டம் அவரைச் சூழ்கிறது. நீங்கள் அங்கே இருந்தால் என்ன செய்வீர்கள்?